ஆறு லட்சம் கடன், பதினைந்தாயிரம் சம்பளம்

படிப்பும் பணமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூவில் 600-க்கு 534 மார்க் எடுத்திருக்கிறாள். நீட் எழுதினாள், இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரிக்கு இடம் தருகிறார்கள். ஹாஸ்டலோடு சேர்த்து வருடத்துக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் ஆகுமாம். மூன்று வருடத்துக்கும் சேர்த்து 6 லட்சம் கல்விக்கடன் தர வங்கியில் ஒத்துக்கொண்டார்கள், வட்டி 10.5 சதவீதம். படித்து முடித்ததும் கேம்பஸ் இன்டர்வியூவில் மாதம் நாற்பதாயிரம் சம்பளத்தில் வேலை கிடைக்கும் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியலும் கிடைத்திருக்கிறது. மகளுக்கு பயோகெமிஸ்ட்ரிதான் வேண்டுமாம். வீட்டுக்காரருக்கு டெக்ஸ்டைல் கம்பெனியில் வேலை, மாதம் 24,000 வரும். கடன் வாங்கலாமா?
- ஒரு தாய், கரூர் மாவட்டம்

பதில்: அம்மா, இந்தக் கடனை வாங்காதீர்கள். மகள் விரும்பும் படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. இவ்வளவு கடன் இல்லாமலே அந்தப் படிப்புக்குப் போய்ச் சேர வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம். பொதுத்துறை வங்கி ஒன்றில் பல வருடம் கல்விக்கடன் மேசையில் இருந்தவள் நான். சாங்ஷன் கடிதத்தை வாங்கிக்கொண்டு பெற்றோர் சந்தோஷமாகப் போவதையும் பார்த்திருக்கிறேன், சில வருடம் கழித்து அதே அப்பா தவணைக்கு அவகாசம் கேட்டு வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

வங்கியில் உங்களிடம் 6 லட்சம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தவணை கட்ட ஆரம்பிக்கும் நாளில் அது 6 லட்சமாக இருக்காது. கல்விக்கடனில் படிக்கிற காலம் முழுவதும், அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதைத்தான் மாரடோரியம் என்கிறார்கள். தவணை நிற்குமே தவிர வட்டி நிற்காது. வருடத்துக்கு 2 லட்சம் வீதம் கல்லூரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 2 லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 84,000 ரூபாய். அடுத்த 2 லட்சத்துக்கு மூன்று வருடம், 63,000. கடைசி 2 லட்சத்துக்கு இரண்டு வருடம், 42,000. ஆக மொத்தம் 1,89,000. இதை அசலோடு சேர்த்து 7,89,000 ரூபாய்க்குத் தவணை போடுவார்கள். பத்து வருடத்தில் கட்டுவதென்றால் மாதம் சுமார் 10,650 ரூபாய். பதினைந்து வருடம் கேட்டு வாங்கினால் சுமார் 8,720 ரூபாய். ஆனால் கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 15 லட்சத்து 70 ஆயிரம் போயிருக்கும்.

இந்தப் பக்கம் சம்பளத்தைப் பாருங்கள். பயோகெமிஸ்ட்ரியில், அதாவது உயிர்வேதியியலில், பி.எஸ்ஸி. மட்டும் முடித்த பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டிய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்கள் பெரும்பாலும் 12,000 முதல் 18,000 வரைதான். மாவட்டத் தலைநகரில் ஒரு டயக்னாஸ்டிக் லேப், மருந்து கம்பெனியில் ட்ரெயினி, சென்னையிலோ திருச்சியிலோ மெடிக்கல் கோடிங். வேலைகள் இவைதான். நடுவாக 15,000 என்றே வைத்துக்கொள்வோம். அதில் 10,650 தவணைக்குப் போனால் மிச்சம் 4,350. வெளியூரில் ஒரு பெண்ணுக்கு ஹாஸ்டல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது போதாது. ஆகவே தவணையை அவளுடைய அப்பாதான் கட்டுவார், 24,000 சம்பளத்திலிருந்து. கல்விக்கடனில் பெற்றோரும் கூட்டுக் கடனாளி. மூன்று மாதம் தொடர்ந்து தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்போது அவள் பெயரோடு அவர் பெயரிலும் சிபில் ஸ்கோர் விழும். தம்பி தங்கைக்கு நாளை கடன் கேட்டால் அது குறுக்கே நிற்கும்.

நாற்பதாயிரம் என்கிறார்களே, அது பொய் என்று நான் சொல்லவில்லை. யாரோ ஒருவருக்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் கல்லூரி காட்டும் பிளேஸ்மென்ட் பட்டியலில் பி.சி.ஏ., பி.காம். பிள்ளைகளும் சேர்ந்தே இருப்பார்கள். நீங்கள் நேரில் போய் இதை மட்டும் கேளுங்கள்: போன வருடம் பயோகெமிஸ்ட்ரி வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு எந்தக் கம்பெனியில் என்ன சம்பளத்துக்கு ஆர்டர் வந்தது? அந்த ஒரு துறையின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் போன வருடம் படித்த இரண்டு பெண்களின் போன் நம்பர் வாங்கிப் பேசுங்கள். பட்டியலைத் தரத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

உயிர்வேதியியல் மோசமான படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல படிப்பு, ஆனால் தாமதமாகப் பலன் தரும் படிப்பு. பி.எஸ்ஸி. முடித்ததும் கிடைப்பது, இயந்திரத்தில் ரத்த மாதிரியை வைத்து அளவு பார்க்கிற வேலை. மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டில், மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி இயந்திரத்தை ஓட்டக்கூடியவர்களைத் தேடுவார்கள். அங்கேயும் வேதியியல், பார்மசி படித்தவர்களுக்குத்தான் முன்னுரிமை. மெடிக்கல் கோடிங் என்பது அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுகிற வேலை. சிபிசி என்ற சான்றிதழ்த் தேர்வை எழுதினால் சம்பளம் ஏறும். கௌரவமான வேலைதான், பல வீடுகள் அதில் நிமிர்ந்திருக்கின்றன. ஆனால் அதற்கு 6 லட்ச ரூபாய் பி.எஸ்ஸி. தேவையே இல்லை. உயிரியல் அறிவியல் பட்டம் எந்தக் கல்லூரியில் வாங்கினாலும் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் படிப்பில் பணமும் மரியாதையும் எம்.எஸ்ஸி.க்குப் பிறகுதான் ஆரம்பிக்கும், அதுவும் நல்ல இடத்தில் படித்தால். ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில், ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்டி படித்துக்கொண்டே வாங்குகிற பணம் இது. ஆனால் அந்த இடத்துக்கு வர, இன்றிலிருந்து குறைந்தது ஐந்து வருடம். உங்கள் கடனோ நான்கு வருடம் முடிந்ததும் தவணை கேட்கும். எம்.எஸ்ஸி. சேர்ந்தால் வங்கியில் எழுதிக் கொடுத்து மாரடோரியத்தை நீட்டலாம். ஆனால் அந்த இரண்டு வருடத்துக்கு இன்னும் 1,26,000 ரூபாய் வட்டி ஏறி, கடன் 9,15,000 ஆகி, பத்து வருடத் தவணை 12,300-ஐத் தாண்டும். எம்.எஸ்ஸி. செலவுக்கு வாங்கும் கடன் அதற்கு மேல். இந்தச் சுமையைப் பார்த்து பயந்து, எம்.எஸ்ஸி.யே வேண்டாம் என்று லேபில் சேர்ந்த கெட்டிக்காரப் பெண்களை எனக்குத் தெரியும். பி.எஸ்ஸி.க்கு வாங்கிய கடன் எம்.எஸ்ஸி.யின் வழியை அடைத்துவிட்டது. எனக்கு இதில் மனம் வலிப்பது அங்கேதான்.

என் அக்கா மகளும் உயிர்வேதியியல்காரிதான். அவள் பி.எஸ்ஸி. படித்தது வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய அரசுக் கல்லூரியில், அதுவும் வேதியியல். எம்.எஸ்ஸி. உயிர்வேதியியலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் போனாள். 2016-ல் ஜேஆர்எஃப் வாங்கியபோது தொகை 25,000. பிஎச்டி முடித்து பெங்களூருவில் நிறுவன வேலையில் சேரும்போது வயது முப்பதை நெருங்கிவிட்டது. அந்த வயது வரை பொறுமையாக இருக்க அவளால் முடிந்தது, அவள் தலைமேல் கடன் இல்லாததால். அவள் தோழி ஒருத்தி, அவளைவிட நன்றாகப் படிப்பவள், கடன் தவணைக்காக எம்.எஸ்ஸி. முடித்த வாரமே கிடைத்த வேலையில் சேர்ந்தாள். நெட் தேர்வுக்குப் படிக்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

ஆகவே என் யோசனை இது. அரசுக் கல்லூரியில் வேதியியலைச் சேருங்கள். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது ஆகும். சேரும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேதியியலுக்குத் துணைப்பாடமாக விலங்கியலோ தாவரவியலோ இருக்கிறதா என்று கேளுங்கள். பல பல்கலைக்கழகங்களில் வேதியியல் பட்டதாரிகள் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியலுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் துணைப்பாடம் என்ன என்று பார்ப்பார்கள். இந்த ஒரு விஷயத்தை முதல் வருடத்திலேயே கவனிக்காமல் மூன்றாம் வருடத்தில் தவித்தவர்கள் உண்டு.

வேதியியலில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பி.எஸ்ஸி. உயிர்வேதியியலும் பி.எஸ்ஸி. வேதியியலும் அரசு வேலையில் ஒன்றாகக் கருதப்படாது. பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியர் ஆக நினைத்தால், இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேட வேண்டி வரும். வேதியியலுக்கு அந்தத் தொல்லை இல்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான மத்திய விதிகளில் உயிர்வேதியியல் பட்டம் நேரடியாகவே இருக்கிறது. வேதியியலில் அதே பணிக்கு முதுகலை கேட்கிறார்கள். எப்படியும் உங்கள் மகள் எம்.எஸ்ஸி. வரை போகப்போகிறவள் என்பதால் இது பெரிய இழப்பு இல்லை.

இல்லை, பி.எஸ்ஸி.யிலேயே உயிர்வேதியியல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அந்தப் பாடம் இருக்கும் அரசுக் கல்லூரிகளில் காலியிடம் இருக்கிறதா என்று கலந்தாய்வு முடிவதற்குள் பாருங்கள். அடுத்தது அரசு உதவி பெறும் கல்லூரிகள். அங்கே ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும். உயிர்வேதியியல் பல இடங்களில் சுயநிதிப் பிரிவில் இருக்கிறது. எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். அப்படியே கொஞ்சம் கடன் தேவைப்பட்டாலும் வாங்கலாம். எவ்வளவு வரை? முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது. 15,000 சம்பளத்தில் 3,000. இதே 10.5 சதவீத வட்டிக்குத் திருப்பிக் கணக்குப் போட்டால், மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கடன் 1,70,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 4 லட்சம் வரை சொத்து அடமானமோ வேறு ஆள் ஜாமீனோ வங்கி கேட்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கடன் வாங்கினால், படிக்கும்போதே மாதா மாதம் வட்டியைக் கட்டிவிடுங்கள். 50,000-க்கு 10.5 சதவீதம் என்றால் மாதம் 440 ரூபாய்க்குள்தான். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு 1 சதவீதம் வட்டிச் சலுகை தரவும் திட்டத்தில் இடம் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குச் சில வங்கிகள் தனியாக அரை சதவீதம் குறைக்கின்றன. இரண்டையும் சாங்ஷன் கடிதத்தில் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தையாக விட வேண்டாம்.

மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், மாரடோரிய கால வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும். நல்ல திட்டம். ஆனால் தரவரிசையில் முன்னணியில் உள்ளதாக அரசு தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான், அதிலும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. உங்கள் கணக்கில் அது முழுதாகக் கிடைத்தாலும் மிச்சமாவது 54,000 ரூபாய்தான். தவணை 10,650 என்பது 9,900-க்குச் சற்று மேல் வந்து நிற்கும். அதனால் என் பதில் மாறாது. முழு வட்டியையும் அரசே கட்டும் திட்டம் தொழில், தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. பி.எஸ்ஸி.க்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

மூன்றாம் வருடம் படிக்கும்போது எம்.எஸ்ஸி.க்கான நுழைவுத் தேர்வுகளான ஐஐடி ஜாம், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட்-பிஜி இரண்டையும் உங்கள் மகள் எழுதட்டும். புதுச்சேரியிலும் ஹைதராபாத்திலும் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் நன்றாக இருக்கிறது, கட்டணமும் தனியார் கல்லூரி கேட்பதோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. அப்போது ஹாஸ்டலுக்கு ஒன்றோ ஒன்றரை லட்சமோ கடன் தேவைப்பட்டால் தயங்காமல் வாங்குங்கள். நானாக இருந்தால் அந்தக் கடனுக்கு அன்றைக்கே கையெழுத்துப் போடுவேன்.

கேள்வி: எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறேன். மதுரையில் ஒரு லேபில் 16,000 சம்பளம், வாரத்தில் சில நாள் இரவு ஷிப்ட். பி.எஸ்ஸி.க்கும் எம்.எஸ்ஸி.க்கும் வாங்கிய கடன் வட்டியோடு 4 லட்சம் ஆகிவிட்டது. வட்டி 10 சதவீதம். இரண்டு மாதத்தில் தவணை ஆரம்பிக்கிறது, பத்து வருடத்துக்கு மாதம் 5,286. வேலையை விட்டுவிட்டு, ஹைதராபாத் போய் ஒரு வருடம் கோச்சிங் சேர்ந்து நெட் எழுதலாம் என்று நினைக்கிறேன். அப்பா இல்லை. அம்மாதான் கூட்டுக் கடனாளி.
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: தம்பி, நெட் எழுதுங்கள், வேலையை விடாதீர்கள்.

முதல் காரியம், தவணை ஆரம்பிப்பதற்கு முன்பே வங்கிக்குப் போய், திருப்பிக் கட்டும் காலத்தைப் பதினைந்து வருடமாக ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தவணை 4,300 ஆகும். மாதம் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் கையில் நிற்கும். நீண்ட காலத்துக்கு வட்டி அதிகமாகுமே என்று பயப்பட வேண்டாம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஜேஆர்எஃப் வந்த பிறகு மாதம் ஐயாயிரமோ பத்தாயிரமோ சேர்த்துக் கட்டி ஐந்தாறு வருடத்தில் முடித்துவிடலாம். குறைந்த தவணையை ஒத்துக்கொண்டு அதிகமாகக் கட்டுவது உங்கள் விருப்பம். அதிகத் தவணையை ஒத்துக்கொண்டு குறைவாகக் கட்டினால் அது தவறிய தவணை. சம்பளம் குறைந்த காலத்தில் இந்த வித்தியாசம் பெரியது.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், வேலை இல்லாத காலத்திலும் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருக்கும் காலத்திலும், கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை தவணைக்கு இடைவெளி கொடுக்க இடம் இருக்கிறது. அந்த மாதிரித் திட்டத்தை எந்த அளவுக்குப் பின்பற்றுகிறார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும். கவுன்டரில் கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்றுகூடச் சொல்வார்கள். கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்பதை மறுப்பது சுலபம், எழுதிக் கொடுத்ததை மறுக்கக் காரணமும் எழுத வேண்டும். நான் அந்த மேசையின் மறுபக்கம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்.

கோச்சிங்கைப் பற்றி. ஒரு வருடம் வேலையை விட்டால் 1,92,000 ரூபாய் சம்பளம் போகும். கோச்சிங், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். நெட் கிடைக்காமல் திரும்பினால், கடனும் கூடியிருக்கும், வேலையும் இருக்காது. அந்தப் பாரம் அம்மா மேல் இறங்கும். நெட்டுக்குக் கோச்சிங் இல்லாமலே படிக்கலாம். அதன் உயிரியல் அறிவியல் தாளில் சி பகுதியில் 75 கேள்விகள் இருக்கும், அதில் 25-க்குப் பதில் எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மார்க். அதாவது 200 மார்க்கில் பாதி அங்கே இருக்கிறது. உயிர்வேதியியல் படித்தவருக்கு மூலக்கூறு உயிரியல், செல் உயிரியல், நோய் எதிர்ப்பியல் எல்லாம் சொந்த வீடு. தாவரவியல், சூழலியல் கேள்விகளை விட்டுவிட்டு உங்கள் பலத்திலேயே 25 கேள்வியைப் பொறுக்க முடியும். பழைய கேள்வித்தாள்களும் நீங்கள் எம்.எஸ்ஸி.யில் படித்த புத்தகங்களும் போதும். முதுகலை, ஆராய்ச்சிப் படிப்புகளுக்கான கேட் தேர்வில், உயிர் அறிவியலுக்குரிய எக்ஸ்எல் தாளையும் எழுதுங்கள். அதில் வேதியியல் கட்டாயம், விருப்பப் பாடங்கள் இரண்டில் ஒன்றாக உயிர்வேதியியலை எடுக்கலாம். அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.

லேபில் இரவு ஷிப்டைக் குறைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், சம்பளம் ஓராயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்களில் ஆள் எடுக்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டே இருங்கள். பேராசிரியர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதலாம். அங்கே வேலை செய்துகொண்டே நெட்டுக்குப் படிப்பவர்கள் நிறையப் பேர். அப்புறம் ஒன்று. ஆராய்ச்சி உதவித்தொகை சில மாதம் தாமதமாகவும் வரும், தவணைத் தேதி அதற்காகக் காத்திருக்காது. இப்போதிலிருந்தே மூன்று தவணைப் பணத்தைத் தனிக் கணக்கில் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய குடும்பம் எங்களுடையது. லேப் வேலைதான் என்றால் பி.எஸ்ஸி. உயிர்வேதியியலா, டிஎம்எல்டியா?
- ஒரு மாணவி, விழுப்புரம்

பதில்: டிஎம்எல்டி, அதாவது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ. அரசு மருத்துவமனை லேப் டெக்னீசியன் பணிக்கு மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பைத்தான் கேட்பார்கள், உயிர்வேதியியல் பட்டம் அதற்கு ஈடாகாது. தனியார் லேபிலும் ரத்தம் எடுக்கவும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளவும் பழகிய கையைத்தான் முதலில் எடுப்பார்கள். சேருவதற்கு முன் அந்த நிறுவனத்துக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் சான்றிதழோடு பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய சான்றிதழ் அரசுப் பணிக்கு உதவாது.

கேள்வி: மகள் பெங்களூருவில் மாதம் 38,000 சம்பளத்தில் சேர்ந்திருக்கிறாள். கல்விக்கடன் வட்டிக்கு 80இ பிரிவில் வரி விலக்கு வாங்க, பழைய வரிமுறைக்கு மாற வேண்டுமா?
- ஒரு தந்தை, சேலம்

பதில்: வேண்டாம் ஐயா. 80இ பழைய வரிமுறையில் மட்டும்தான் செல்லும், வட்டிக்கு மட்டும், எட்டு வருடம் வரை. ஆனால் 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. மகளுக்கு வருடத்துக்கு நான்கரை லட்சம்தான் வருகிறது. கட்டாத வரிக்கு விலக்கு வாங்கி என்ன பயன்? கடன் விற்பவர்கள் 80இ-யைப் பெரிய லாபமாகச் சொல்வார்கள், ஆரம்பச் சம்பளக்காரர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: மகன் பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடிக்கிறான். இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்ஸி.க்கு இடம் வந்திருக்கிறது. மொத்தம் 32 லட்சம். வீட்டை அடமானம் வைத்தால் வங்கி தருகிறது. அனுப்பலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வீட்டை வைக்காதீர்கள். வெளிநாட்டுப் படிப்பு என்றால் 15 சதவீதத்தை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும், 32 லட்சத்தில் அதுவே 4 லட்சத்து 80 ஆயிரம். மீதி 27 லட்சத்து 20 ஆயிரத்துக்கு 11 சதவீத வட்டி, 15 வருடம் என்று வைத்தால், படிப்புக் கால வட்டியைச் சேர்க்காமலே மாதம் சுமார் 30,900 ரூபாய் தவணை. படித்து முடித்தவர்களுக்கு அங்கே வேலை தேட விசா உண்டு, ஆனால் காலம் குறிப்பிட்டது. அதன் பிறகு தங்க வேண்டுமானால் ஸ்பான்சர் செய்யும் நிறுவனமும், அந்த நாட்டு அரசு விதித்திருக்கும் குறைந்தபட்ச சம்பளமும் வேண்டும். உயிரியல் ஆய்வகங்களில் புதிதாகச் சேருபவருக்கு அது சுலபமில்லை. ஊர் திரும்பினால், இங்கே எம்.எஸ்ஸி. முடித்தவருக்குத் தருகிற சம்பளத்தைத்தான் அவருக்கும் தருவார்கள்.

இந்தத் துறையில் வெளிநாட்டுக்குப் போக வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவில் உயிர்வேதியியல் பிஎச்டி மாணவர்களுக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் தருவார்கள். ஜெர்மனியில் பிஎச்டி என்பதே பெரும்பாலும் சம்பள ஒப்பந்தம். காசு கொடுத்துப் படிக்க வேண்டியது எம்.எஸ்ஸி.தான். அதை இங்கேயே முடிக்கட்டும். எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு கோடை விடுமுறையிலாவது நல்ல ஆய்வகத்தில் வேலை செய்யட்டும். இந்திய அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், உதவித்தொகை உண்டு. அங்கே ஒரு பேராசிரியரிடம் நல்ல பரிந்துரைக் கடிதம் வாங்கினால், பிஎச்டி விண்ணப்பத்துக்கு அதுதான் பலம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் (ஐஐஎஸ்ஸி) எம்.எஸ்ஸி.யும் பிஎச்டி-யும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்டி-யையும் பார்க்கச் சொல்லுங்கள், சேர்ந்த நாளிலிருந்தே உதவித்தொகை தருகிறார்கள். ஜாம் தேர்வு எழுத வேண்டும், அதற்கான விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் திறக்கும். இங்கிலாந்துக் கல்லூரிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் மகனோடு உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.